என் போனில் மட்டும் முதலிடம்

என் மகள் ஹப்சிகுடாவில் கல்யாண கவுன் தைக்கும் கடை போட்டபோது, பலகை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாடியில் ஒரே அறை. கீழே செருப்புக் கடை. பலகை நல்ல பெரிய பலகை, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அவள் இன்னொரு கடையும் திறந்திருப்பதாகச் சொன்னாள். அது போனுக்குள் இருக்கிறதாம். அதன் பேர் வெப்சைட். கவுன், தலையில் போடும் நெட், பெண்ணுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு நடக்கும் சிறுமிகளுக்கு ஃபிராக், எல்லாவற்றுக்கும் அதில் படம் இருந்தது.

"இப்போ ஜனங்க ரோட்ல பாத்து வர்றதில்லப்பா. போன்ல தேடித்தான் வர்றாங்க" என்றாள்.

"தேடட்டும். நீதான் அதுல இருக்கியே."

"இருக்கேன். எங்க இருக்கேன்னு பாரு."

தேடிக் காட்டினாள். யார் யார் கடையோ வந்தது. விரலால் தள்ளினாள், தள்ளினாள், அடுத்த பக்கம் என்றாள், அதற்கும் அடுத்தது என்றாள். கடைசியில் எங்கேயோ அடியில் அவள் கடை.

"இது வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டாங்க. மொத பக்கத்துல வரணும்."

"ஏன், பக்கம் திருப்பினா கை நோவுதா அவங்களுக்கு?"

"ஹவ், ஆமா, நோவுது" என்றாள் கோபமாக.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. கடை போடும்முன் செகந்திராபாத்தில் ஒரு பெரிய கடையில் பல வருஷம் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்கார அம்மாவுக்கு வாய் அதிகம். இவள் வேலையை விட்டு வந்த அன்றைக்கு, "போ, போ. ஈஸ்டர் முடியறதுக்குள்ள திரும்பி வருவே. உன் ஸ்டூல அப்படியே வெச்சிருக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பினாளாம். அந்த ஸ்டூல்தான் என் மகளின் தொண்டையில் முள்ளாக நின்றது. மே மாசக் கல்யாணங்களுக்கு ஈஸ்டருக்கு முன்பே ஆர்டர் வந்தாக வேண்டும். வராவிட்டால் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ஸ்டூலில் போய் உட்கார வேண்டியதுதான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது கோயிலில், ஞாயிறு பள்ளியில். வேலை பார்த்தது செகந்திராபாத் ரயில்வே பார்சல் ஆபீஸில், மூட்டை ஏற்றுவது, இறக்குவது. அதனால் மகள் ஒவ்வொரு நாளும் வந்து சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், படங்கள் கனமாக இருப்பதால் கடை மெதுவாகத் திறக்கிறது என்று சொன்னாராம்.

"போன்ல இருக்கிற படம் எப்படிம்மா கனமா இருக்கும்?"

"இருக்கும்ப்பா. எம்.பி. கணக்கு."

வாழ்நாள் முழுக்கக் கனம் தூக்கியவன் நான். வேலூரிலிருந்து வரும் தோல் கட்டு எவ்வளவு கனம், நாக்பூர் ஆரஞ்சுக் கூடை எவ்வளவு கனம் என்று தோளுக்குத் தெரியும். போனைக் கையில் வைத்து அவள் கடையைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன். அதே கனம்தான். ஆனாலும் அவள் படங்களையெல்லாம் சுருக்கிப் போட்டாள், அதற்குப் பிறகு கடை சட்டென்று திறந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொன்னாள். மற்றவர்கள் தங்கள் வெப்சைட்டில் நம்மைப் பற்றிச் சொன்னால் நம் கடை மேலே வருமாம். இது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. கல்யாணமான புதிதில் நான் லாலாகுடா பக்கம் வீடு தேடி அலைந்தபோது, நானே போய்க் கேட்ட இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். முனையில் இருந்த பான் கடைக்காரர், "நல்ல பசங்க, நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே வீடு கிடைத்தது. அவர் எதற்காகச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நான் வெற்றிலைகூடப் போடுகிறவன் இல்லை.

என் கல்யாணம் என்றதும் அந்த கவுனும் நினைவுக்கு வருகிறது. அப்போதெல்லாம் எங்கள் சபையில் வசதியில்லாத பெண்களுக்கு ஒரே கவுன்தான். ஒரு டீச்சர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். யாருக்குக் கல்யாணமோ அவர்கள் வாங்கிப் போய், பின்னால் குண்டூசி குத்தி அளவு செய்து போட்டுக்கொள்வார்கள். துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மனைவியும் அதைத்தான் போட்டாள். சபை ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், உறுதிமொழி கேட்ட நேரம் பார்த்து ஊசி குத்திவிட்டது. "ஆம்" என்பதற்குப் பதிலாக "ஆ" என்றாள். ஐயர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் சம்மதமே சொல்லல" என்று இன்றைக்கும் சண்டை வந்தால் சொல்லுவாள்.

எங்கேயோ போய்விட்டேன். லெந்து காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் ஜனங்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கடையில் ஈ ஓட்டினாள். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாமும் ஏதாவது செய்வோம் என்று எனக்குத் தோன்றியது.

கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் ஊருக்கே தெரியும். போனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாம் ஒரு பேரைக் கேட்டுக்கொண்டே இருந்தால், பரவாயில்லையே, இந்தக் கடையை இவ்வளவு கேட்கிறார்களே என்று அதற்கும் தோன்றாதா?

அன்றிலிருந்து காலையில் கஞ்சி குடித்ததும் போனை வாயருகில் வைத்து, "ஹப்சிகுடா கல்யாண கவுன்" என்பேன். வரும். தள்ளித் தள்ளி மகள் கடையைத் தேடித் தொடுவேன். உள்ளே போய் ஒவ்வொரு படமாகப் பார்ப்பேன். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

"இந்த வயசுல கவுன் கவுன்னு இன்னா பேச்சு? அக்கம்பக்கம் இன்னா நினைக்கும்?" என்றாள் மனைவி.

நினைக்கட்டும் என்று விட்டேன். ஏனென்றால் கடை மேலே ஏறிக்கொண்டிருந்தது! முதலில் அடுத்த பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. பிறகு நடுவில். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு; அதற்கு முதல் நாள் காலையில் கேட்டேன். முதல் இடம். என் மகள் கடை எல்லோருக்கும் தலைமேல் உட்கார்ந்திருந்தது. மனைவியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

மகளிடம் சொல்லவில்லை. சபையில் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் கோயிலில் பிறந்த நாள், வேலை, சுகம் என்று எதற்காகவாவது நன்றி சொல்லிக் கவரில் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தால், காரணத்தை ஐயர் ஆராதனையில் வாசிப்பார். கவரின் மேல் நானே எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தேன்.

ஐயர் வாசித்தார்: "மகளுடைய கல்யாண கவுன் கடை, போனில் முதல் இடத்தில் வந்ததற்காக, தகப்பனாரின் ஸ்தோத்திர காணிக்கை."

பெண்கள் பக்கத்திலிருந்து என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அது சந்தோஷமா, என்ன என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் கையிலும் ஒரு பக்கம் குருத்தோலை, ஒரு பக்கம் போன். முதலில் கூப்பிட்டவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற என் சினேகிதர்.

"யோவ், இன்னாய்யா இது? எனக்கு ஏதோ கேக் கடை வருது."

"சரியா சொல்லிக் கேளுங்க."

"நாப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டினவன் நான், எனக்கு கேக்கத் தெரியாதா? இதோ பாரு, கேக். அதுக்குக் கீழ இன்னொரு கேக்."

இன்னொருவருக்கு எங்கோ ஆபிட்ஸில் இருக்கும் கடை வந்தது. ஒரு அம்மாவுக்குக் கல்யாணப் பெண் தேடும் இடம் வந்தது. "எனக்கெதுக்குடா பொண்ணு" என்று அவர் சத்தம் போட்டார். ஒருத்தருக்கும் என் மகள் கடை முதலில் வரவில்லை. நான் என் போனை நீட்டினேன். அதில் பளிச்சென்று முதல் இடம். கார்டு அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"உன் போனு மட்டும் சொக்கத்தங்கம்யா."

கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் கோயிலுக்கு வரும். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. அது வந்து என் போனைப் பார்த்தது.

"தாத்தா, டெய்லி இதத்தான் தேடிப் பாக்கியளா?"

"ஆமாம்மா. மூணு வேளையும்."

"அதான். உங்களுக்கு இந்தக் கடை பிடிக்கும்னு அது தெரிஞ்சு வச்சிருக்கு. அதனால உங்களுக்கு மட்டும் மேல காட்டுது. மத்தவங்களுக்கு அவங்கவங்க தேடுனதுக்குத் தக்கன காட்டும்."

"அப்போ நெஜமான மொத இடம் எது?"

அந்தப் பெண் போனைத் திருப்பிக் கொடுத்தது. "ஒரே இடம்னு சொல்ல முடியாது தாத்தா."

பார்சல் ஆபீஸில் ஒரு மூட்டை முதலில் இருந்தால் எல்லோருக்கும் அதுதான் முதல் மூட்டை. நான் பார்த்தால் முதல், கார்டு பார்த்தால் கடைசி என்று ஒரு மூட்டை உண்டா?

மகள் வந்தாள்.

"கைக்குப்பா, ஏன் இப்படிப் பண்ணின? அந்தக் கடைக்காரம்மா காதுக்குப் போனா இன்னா ஆவும்? ஸ்டூலத் தொடச்சு வைப்பா."

கடவுளுக்குப் பொய்க் காணிக்கை கொடுத்துவிட்டேனோ என்று எனக்கு வேறு பயம். ஆனால் அவள் மேற்கொண்டு திட்டுவதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இவ்வளவு நாள் அவள் தனியாகக் கடை வைத்திருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாதாம். ஒரு அம்மா, தன் வெள்ளைக் கல்யாணப் புடவையை வெட்டி மகளுக்கு கவுன் ஆக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "லெந்து நாள்ல அளவு குடுக்கலாமா? குத்தம் இல்லியே?" என்றார்.

"அளவுதானே ஆன்ட்டி. கத்தரி வைக்கிறது ஈஸ்டருக்கு அப்புறம்" என்றாள் மகள்.

"அப்படியா? அது தெரியாமத்தான் நாங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்."

அந்தக் கச்சிபௌலிப் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தது. "அக்கா, இவங்க கேக்கதையெல்லாம் அப்படியே உங்க சைட்ல போடுங்க. பதிலோட. இதே கேள்விய நெறைய பேரு போன்லயும் கேப்பாங்க" என்றது.

மகள் அன்றைக்கே போட்டாள். அம்மா புடவையில் கவுன் ஆகுமா, லெந்தில் அளவு கொடுக்கலாமா, நெட் எவ்வளவு நீளம் இருந்தால் மிதிபடாது, எல்லாம். முன்பு அவளிடம் தைத்துக்கொண்ட பெண்களுக்குப் போன் செய்து, எப்படி இருந்தது என்று உள்ளதை எழுதச் சொன்னாள். கோயில் வெப்சைட்டில் கல்யாணம் வைப்பவர்களுக்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஐயர் அதில் சபைக்காரர் கடை என்று இவள் கடையையும் சேர்த்தார். பான் கடைக்காரர் வேலையை ஐயர் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள் இட்ட கட்டளை ஒன்றுதான்.

"நீ தேடாதே. நக்கோ. புரியுதா?"

தேடவில்லை. கஞ்சி குடித்ததும் வாய் தானாக கவுன் என்று ஆரம்பிக்கும். மனைவி முறைப்பாள்.

பரிசுத்த வாரத்தில் பெரிய வியாழன் அன்றைக்கு நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு ஒரு போன் வந்தது. சப்தமாகப் பேசும் தெலுங்கு அம்மா, உப்பல் பக்கம். லெந்தில் அளவு மட்டும் எடுப்பதாகப் போட்டிருக்கிறீர்களே, நாளை மறுநாள் வரலாமா என்று கேட்டார். மே மாசம் கல்யாணமாம். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கையைக் காட்டி, எந்த இடத்தில் பார்த்தார்களாம், கேள், கேள் என்றேன். தாங்கமுடியாமல் அவளும் கேட்டுவிட்டாள்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்த இடம்னு அவங்களுக்குத் தெரியலயாம். பொண்ணு போன்ல காட்டிச்சாம். எந்தப் பக்கம்னு பாக்கலயாம்."

"அப்போ நீ மொத பக்கத்துல இருக்கியா, இல்லியா?"

"தெரியலப்பா. சில பேருக்கு இருக்கேனாம், சில பேருக்கு இல்லியாம்."

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். தாய், மகள், ஒரு சித்தி. அளவு எடுத்தாள். கோயிலில் அந்தப் புடவை விஷயம் கேட்ட அம்மாவும் பையில் புடவையோடு வந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மகள் அறைக்காரருக்குப் போன் போட்டு, சாவி தன்னிடமே இருக்கட்டும் என்று சொன்னாள். அந்த ஸ்டூல் செகந்திராபாத்திலேயே காலியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் காலையில் இன்னொரு காணிக்கைக் கவரை எடுத்தேன். காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? முதல் இடம் என்று எழுதினால் கார்டு விடமாட்டார். எத்தனையாவது இடம் என்று யாருக்குமே தெரியவில்லை. மகளைக் கேட்டேன்.

"நடந்தத எழுதுப்பா" என்றாள்.

ஐயர் வாசித்தார்: "உப்பலிலிருந்து ஒரு போன் வந்ததற்காக, தகப்பனாரின் ஸ்தோத்திர காணிக்கை."

கார்டு முன்வரிசையிலிருந்து திரும்பி, யாருடைய போனில் என்று கையாலேயே கேட்டார். நான் மகள் பக்கம் காட்டினேன்.