மாப்பிள்ளை கொண்டுவந்த பலகை

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழம், ஸ்வீட் எடுத்துப் போவார்கள். பலகை எடுத்துப் போன மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் நான் பார்த்தேன்!

பெண்ணின் அப்பா என் நண்பர் தங்கராசு. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தியில் அப்பளத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்பார். மகள் வித்யாவுக்கு வந்த வரன்களையும் அப்படித்தான்... ஒன்றும் பாஸாகவில்லை.

மாப்பிள்ளை முரளி, தொட்டியம் பக்கத்து வாழை விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆராய்ச்சியாளர்.

"என்ன ஆராய்ச்சி தம்பி?" — தங்கராசு கேட்டார்.

பையிலிருந்து ஒரு சின்னப் பலகை வந்தது. "மரத்தூள் பலகை சார். பிடிச்சு வச்சிருக்கிறது வாழைநார். தண்ணியில போட்டு, தயிர் மாதிரி ஆகிற வரைக்கும் அரைப்போம். கண்ணுக்கே தெரியாத இழையாயிடும்... நானோ செல்லுலோஸ்னு பேரு. மரத்தூளோட கலந்து சூடா அழுத்தினா, தண்ணி போகப் போக இழைங்களே ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும்."

"பசை?"

"சொட்டு கிடையாது சார். புது அலமாரியைத் திறந்தா பசை நெடியில கண்ணு எரியுமே, அந்தத் தொல்லை இல்ல. ஆனா... இப்போதைக்கு இது தண்ணியில ஊறக் கூடாது. உப்பிடும்."

மாப்பிள்ளையின் அம்மா மகன் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். வரன் பேசுகிற இடத்தில் குறையைச் சொல்வதா? வித்யா மட்டும் சிரித்தாள். பிடித்துப் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

பலகையை வைத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். தங்கராசு செய்த முதல் வேலை? அதை வாளித் தண்ணீரில் போட்டதுதான்!

மறுநாள் காலை எனக்கு போன். போய்ப் பார்த்தால், பலகை பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது.

"பார்த்தீங்களா? ஃபெயில்! இதை நம்பிப் பொண்ணைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"பலகைக்கா என்னைக் கட்டிக் குடுக்கப் போறீங்க?" — உள்ளேயிருந்து வித்யா வந்தாள். "ஊறினா உப்பும்னு அவரே சொன்னாருல்ல? சொன்னபடிதானப்பா உப்பியிருக்கு! போன வரன் சொந்த ஃபிளாட்னாங்க. விசாரிச்சா வாடகை. அதுக்கு முன்னாடி வந்தவர் காபிகூடக் குடிக்க மாட்டார்னாங்க... அவர் குடிச்சது காபி இல்ல. குறையை முதல்லயே சொன்னது இவர் ஒருத்தர்தான்."

நியாயம்தானே? பயோடேட்டாவுக்கு எத்தனை கோட்டிங் அடிக்கிறோம்! உயரம் இரண்டு இன்ச் கூடும். தலைமுடி பழைய போட்டோவிலிருந்து வரும். தண்ணீர் பட்டால் என்னாகும் என்று யாராவது எழுதுகிறோமா?

தங்கராசு பலகையைத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு செல்போனை எடுத்தார்.

"தம்பி... உங்க பலகையை டெஸ்ட் பண்ணிட்டேன். நீங்க சொன்னது கரெக்ட். அம்மாகிட்ட நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்க."

கல்யாணம் முடிகிற வரை மாப்பிள்ளையைக் காவிரிப் பக்கம் அனுப்பிவிடாதே என்று வித்யாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன் — தண்ணீரில் எத்தனை நேரம் தாங்குகிறார் என்று பார்க்க மாமனார் கையில் வாட்ச்சோடு பின்னாலேயே வருவார்!