சத்திரத்துப் படியில் பிரித்த பின்னல்

பர்மாவிலிருந்து சனங்கள் காடும் மலையும் நடந்து திரும்பிய வருஷம் அது. என் புருஷனைக் காலரா கொண்டுபோன பிறகு, காளவாசல் பக்கம் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்வந்தேன். விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, அடுப்பு மூட்டி, மில்லுக்கு ஓட வேண்டும். அங்கே பகல் முழுக்க நின்ற நிலைதான். வீடு திரும்பினால் கழுவாத பாத்திரங்கள் கிடக்கும். அழுது தீர்க்கிற துக்கமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. மிச்சம் இருந்தது அலுப்பு மட்டும்தான். யாராவது என்னிடம் பேச வந்தால்கூட, எப்போது முடிப்பார்கள் என்றிருக்கும்.

ரயிலடிக்கு எதிரே இருந்த சத்திரத்தில் பர்மாக்காரர்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஒருநாள் வேலை விட்டு வரும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சத்திரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களிடமிருந்து விலகி ஓர் ஓரத்தில் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த வெக்கையிலும் முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருந்தாள். உள்ளே இருந்து ஒரு கிழவி எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "தள்ளி உக்காரு தாயி. அவ தலை பூராம் பேனு. மொட்டையடிச்சுக்கன்னாலும் கேக்க மாட்டேங்கிறா."

தள்ளி உட்காரவும் எனக்குத் தெம்பில்லை. "அரிக்கலையா?" என்று மட்டும் கேட்டேன்.

"அரிக்குதுக்கா. புண்ணாயிருச்சு."

"பெறகு ஏன் இப்படி மூடி வச்சிருக்க?"

அவள் முந்தானையை விலக்கினாள். பின்னல் சடை பிடித்து, வைக்கோல் புரி மாதிரி விறைத்துப் போயிருந்தது.

"எம்மக பின்னுனது. மலையேறையில முடி முகத்துல விழுதுன்னு பின்னி விட்டா. பெறகு காய்ச்ச கண்டுருச்சு. அவள வழியிலேயே பொதச்சுட்டு வந்துட்டேன். இத எப்படிக்கா வெட்டுவேன்?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நூல் சிக்கெடுக்கிற கை என்னுடையது.

"வெட்ட வேணாம். மெல்லப் பிரிச்சு, சிக்கெடுத்து, பேன் பாத்துட்டு, அவ பின்னுன மாதிரியே பின்னிவிடுறேன். எப்படிப் பின்னுவான்னு நீ சொல்லு."

 அவள் முதுகைத் திருப்பி எனக்கு முன்னால் படியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் வேப்பெண்ணெயும் பேன்சீப்பும் எடுத்துப் போனேன். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. தினம் விரற்கடை அளவு பிரிப்பேன். புண்ணில் சீப்பு பட்டால் அவள் தோள் குலுங்கும். நான் கையை நிறுத்தினால், "நீங்க பாருங்கக்கா" என்பாள். அப்படி உட்கார்ந்தபடியே மகளைப் பற்றிப் பேசுவாள். அந்தப் பெண்ணுக்குக் கருவாட்டு வாசம் ஆகாதாம். எதற்கெடுத்தாலும் சிரிப்பாளாம்.

வீட்டில் தம்பி பொண்டாட்டி முகம் சுளித்தாள். "இம்புட்டு நேரமா எங்க போயிட்டு வாரீக மதினி? பிள்ளைக தலைக்குப் பேனக் கொண்டாந்துறாதீக." அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கொல்லையிலேயே குளித்துவிட்டு உள்ளே போவேன். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். ஆனால் பாயில் விழுந்ததும் தூக்கம் வந்தது. வெகுகாலமாக அப்படித் தூங்கியதில்லை. மில் சங்கு ஊதியதும் சத்திரத்தை நோக்கி நான் வேகவேகமாக நடப்பதை ஒருநாள் நானே கவனித்தேன். கால் அதே கால்தான். வலியும் அதே வலிதான்.

கடைசிச் சிக்கும் விட்ட அன்று முடி பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. சீயக்காய் போட்டு அலசிக் காய வைத்தோம். "நாலு காலு எடுத்துப் பின்னுவா" என்று அவள் சொல்லச் சொல்லப் பின்னினேன். எனக்கு மூன்று கால்தான் பழக்கம். இரண்டு தடவை தப்பாகி அவிழ்ந்தது. "யக்கா, உங்களுக்கு எம்மகளே தேவலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகைக்குள்ளே எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்குமுன் எப்போது அப்படி இருந்தேன் என்று நினைவில்லை.

அதற்கப்புறம் மேலூரிலிருந்து அவள் கொழுந்தனார் வந்து கூட்டிப்போனார். வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெறும் படியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. முதல் நாள் என்னைத் தள்ளி உட்காரச் சொன்ன கிழவி மெல்ல அருகே வந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் பாத்து விடுறியா தாயி? கண்ணு தெரியல."

"வெளிச்சம் பாத்துத் திரும்பி உக்காருங்க" என்றேன்.