தமயந்தி வீட்டு விசேஷங்கள்

நீலசந்திராவில் தமயந்தி என்றால் தெரியாதவர்கள் உண்டு. ‘ஆஸ்பத்திரியில கேக் வெட்டுறவ’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. தையல் ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், தொண்ணூற்றேழில் மூன்று வயது மகள் ரூபினிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, “இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா. அப்படியானால் எந்த விசேஷத்தையும் தள்ளிப்போட முடியாது என்று தமயந்தி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

புருஷன் பழனிச்சாமி ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டு விஷயத்தில் தலையிடமாட்டான். அந்தப் பொறுப்பை அவன் அக்கா சாந்தகுமாரி சிவாஜிநகரில் இருந்தபடியே பார்த்துக்கொண்டாள். சேதி கேட்ட சூட்டோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய், குழந்தை பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டும் வந்துவிட்டாள். மொட்டை குழந்தைக்குத்தான். அடுத்தவர் தலையை நேர்ந்துவிடுவதில் சாந்தகுமாரிக்கு எப்போதுமே தாராள மனசு.

நாலாவது பிறந்தநாள் வார்டிலேயே வந்தது. ரோஜாப்பூ வைத்த கேக்கைப் பார்த்ததும் ஆயா லட்சுமம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். “இது ஆஸ்பத்ரே கணம்மா, கல்யாண சத்ரா அல்ல!” என்று கன்னடத்தில் கத்திவிட்டு, வீட்டுக்கு இரண்டு துண்டு கட்டிக்கொண்டாள். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. கொளுத்தாத மெழுகுவர்த்தியை ரூபினி உதடு குவித்து ஊதினாள். அணைந்துவிட்டதாக வார்டே கைதட்டியது. வாய் முழுக்கப் புண் என்பதால் அவளைத் தவிர எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, முந்தானையால் வாய் பொத்தி இழவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள்.

“அழறவங்க வராண்டாவுல போய் அழுங்க. இங்க பர்த்டே நடக்குது” என்றாள் தமயந்தி.

விஜயதசமி வந்தது. வலது கையில் ஊசி குத்தியிருந்ததால் ரூபினி இடது கை விரலால் அரிசியில் ‘அ’ எழுதினாள். சாந்தகுமாரி முகத்தைச் சுளித்தாள்.

“அண்ணி, சரஸ்வதிக்கு நாலு கை. எந்தக் கையால எழுதுனன்னு அவ கேக்க மாட்டா.”

அதற்குள் மருந்தின் வேகத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிப்போயிருந்தது. செலவில்லாமல் மொட்டை முடிந்தது, வேண்டுதல் தீர்ந்தது என்று தமயந்தி அறிவித்தாள். சாந்தகுமாரி விடவில்லை.

“மருந்துல கொட்டுனது கணக்குல வராதுடி. ஆத்தாளுக்குன்னு கத்தி வெச்சு எடுக்கணும். இல்லன்னா போனது திரும்பி வரும்.”

தமயந்தி சிரித்தாள். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த பிறந்தநாளும் கொளுத்தாத மெழுகுவர்த்தியோடுதான் போனது. ஒருவழியாக வைத்தியம் முடிந்தது. மறுபடி முளைத்த முடி, யாரைக் கொண்டதோ, சுருட்டையாக வளர்ந்தது. எலிவால் கனத்துக்கு இரட்டைச் சடை பின்ன வந்த அன்று தமயந்தி தெருவுக்கே கேசரி கொடுத்தாள். சடைக்கு விழா எடுத்த ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும்.

கேசரி செரிப்பதற்குள் சாந்தகுமாரி மொட்டைக்கு நாள் குறித்துவிட்டாள். அந்தச் சடையை இழக்கத் தமயந்திக்கு மனமே இல்லை. ஆனால் நோய் திரும்பிவிட்டால்? அந்தப் பயம் அவள் வாயை அடைத்தது. சரி என்று தலையாட்டினாள். புது பிளேடு, டெட்டால், பஞ்சு என்று எல்லாம் தானே வாங்கினாள்.

கோயில் வாசலில் பலகை போட்டார்கள். முடி எடுப்பவர் பஞ்சை டெட்டாலில் நனைத்தார். வாசனை வந்ததும் ரூபினி விளையாட்டை நிறுத்தினாள். யாரும் கூப்பிடாமல் தானாகவே பலகைக்கு வந்து ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட அப்படித்தான் படுக்கச் சொல்வார்கள்.

“அம்மா, கையப் புடிச்சுக்கோ. நான் அசைய மாட்டேன்.”

தமயந்தி மகளை வாரித் தூக்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் வார்டில் விடாத கண்ணீரெல்லாம் கோயில் வாசலில் கொட்டியது.

“ஆத்தா, கோபம்னா என்மேல காட்டு. இவகிட்ட வாங்கினது போதும்.” பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “அண்ணி, வேண்டிக்கிட்டது நீங்க. பலகை காலியாத்தான் இருக்கு, உக்காருங்க.”

சாந்தகுமாரியின் கை தன் கொண்டைக்குப் போனது. முதல்முறையாக யாரும் சொல்லாமலே பழனிச்சாமி ஒரு முடிவெடுத்து ஆட்டோவைக் கிளப்பினான்.

வழியில் தமயந்தி கேக் வாங்கினாள். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டதற்கு, “மொட்டை போடல, அதான்” என்றாள். வீட்டில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தாள். ரூபினி உதட்டைக் குவித்தவள் சட்டென்று பின்வாங்கினாள்.

“அம்மா, இது நெஜமாவே எரியுது!”

“ஆமாண்டி. ஊது.”