680092337

கத்தரீனா ரீச்சருக்கு மூளை பிசகிவிட்டது என்று மயிலிட்டியில் ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் குறைவு. எட்டு வருடமாக ஒரே எண்ணை வகுத்துக்கொண்டிருக்கும் மனுசியை வேறென்ன சொல்வார்கள்?

680092337. புருசன் கனிசியஸின் அடையாள அட்டை இலக்கம். 2007இல் அவர்கள் இடம்பெயர்ந்து குருநகரில் இருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் படையினரின் கரைக் காவலரணில் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்துதான் வாங்கவேண்டும். கனிசியஸ் கொடுத்தான். வாங்க வரவில்லை.

மயிலிட்டிக்குத் திரும்பிய வருடம் கிராம அலுவலரான விதானையார் மரணச் சான்றிதழ்ப் படிவத்தோடு வந்தார்.

"இந்த எண் மிச்சமில்லாமல் வகுபடட்டும். அண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன்," என்றாள் கத்தரீனா.

வகுபடாவிட்டால் அது பகா எண். அப்படியானால் அவனும் எங்கேயோ முழுதாக இருக்கிறான். கணக்குக்கும் உயிருக்கும் தொடர்பில்லை என்று கணக்கு ரீச்சருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். இரண்டில் தொடங்கி வரிசையாக, ஒரு நாளைக்கு ஒரு பகா எண்ணால் வகுப்பாள். காய்ச்சலிலும் விடமாட்டாள். வர்க்கமூலமான 26078 வரை போனால் போதும், அதற்குமேல் தேடத் தேவையில்லை.

மிச்சத்தை எழுதி அடிக்கோடு போட்டதும் கிணற்றடியில் யாரோ கடலால் வந்து கால் கழுவும் சத்தம் கேட்கும். அவள் எழுந்து பார்த்ததில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம்.

இன்று 25931. இன்னும் பதினான்கு எண்கள்தான் பாக்கி. காலைப் பூசை முடிந்து வந்து கொப்பியை விரித்தாள். ஈவு 26227. மிச்சம் பூச்சியம்.

பெருக்கிப் பார்த்தாள். மூன்று தரம் பார்த்தாள். கிணற்றடியில் சத்தமே இல்லை.

அச்சுவேலி மருந்துக்கடைக்குப் போன மகள் நிவேதனா பத்து மணிக்கே படலையைத் திறந்துகொண்டு வந்தாள். லேசில் லீவு எடுக்கிற பிள்ளை இல்லை. வந்தவள் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். எட்டு வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"இண்டைக்கு மிச்சம் எவ்வளவு, அம்மா?"

கத்தரீனா கொப்பியை மூடினாள். "ஒண்டு."

வாழ்நாளில் அவள் சொன்ன முதல் பிழையான விடை அது. வெட்கமாக இருந்தது. ஆனால் திருத்த வாய் வரவில்லை.

நிவேதனா கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை.

"சரி. அப்ப நாளைக்கு 25933," என்றாள்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டைவிட்ட பிள்ளை. அடுத்த பகா எண் இவளுக்கு எப்படித் தெரியும்? கத்தரீனாவின் பார்வை மகளின் கையிலிருந்த போனில் போய் நின்றது. போன் ஒரு நொடியில் சொல்லிவிடும் விடை. அது எந்த நாளில் வரும் என்றும் எண்ணி, இன்றைக்கென்று லீவு எடுத்திருக்கிறாள்.

"எப்ப பாத்தனீ?"

"பதினாறு வயசிலை, அம்மா."

கத்தரீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் இந்த வீட்டில் கனிசியஸ் செத்துப்போயிருந்தது இந்தப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும்தான்.