அடையாள அட்டையில் முப்பத்தாறு

பிரியந்தினிக்குக் கொடிகாமத்துச் சுற்றுவட்டாரத்தில் மூன்று பெயர்கள். கிழவன் கிழவிகளுக்கு அவள் 'சோசல் பிள்ளை'. சிறுவர்களுக்கு 'மிஸ்'. சமூக சேவை அலுவலகக் கோப்பில் 'தொண்டர்'. முதல் இரண்டு பெயர்களிலும் அவளுக்குக் குறையில்லை. மூன்றாவதுதான் பதினான்கு வருடமாக ஆளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

தொண்டர் என்பது பார்க்க அழகான சொல். கோயில் திருவிழாவில் மோர் ஊற்றிக் கொடுப்பவரும் தொண்டர்தான். ஆனால் அவர் பொழுதுபட வீட்டுக்குப் போய்த் தன் தொழிலைப் பார்ப்பார். பிரியந்தினிக்கு இதுவேதான் தொழில். அரசாங்கம் அந்தச் சொல்லை யோசித்துத்தான் எடுத்திருக்கிறது. சம்பளம் என்றால் கூட்டித் தரச்சொல்லிக் கேட்பார்கள். கொடுப்பனவு என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்கள். 2011இல் அவள் சேர்ந்தபோது மாதம் மூவாயிரம் ரூபாய். இப்போது பத்தாயிரம். தோட்டத்தில் ஆறு நாள் புல்லுப் பிடுங்குகிற பெண்ணுக்கு அந்தக் காசு கிடைக்கும், மத்தியானச் சாப்பாடும் தேத்தண்ணியும் வேறு.

அவள் பொறுப்பில் எழுபத்திரண்டு வீடுகள். படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாத பிள்ளைகள், சண்டையில் செல் விழுந்து கால் போனவர்கள், பிள்ளைகளெல்லாம் கனடாவில் இருக்கத் தனியே இருமிக்கொண்டிருக்கும் வயதானவர்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவதுதான் கடிதத்தில் எழுதியிருக்கும் வேலை. போன இடத்தில் ஒரு மனிசன் ஈரத்தில் கிடந்தால் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு எப்படி வருவது? துடைப்பாள், திருப்பிப் படுக்க வைப்பாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவாள். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அவளுடைய காசு. இதெல்லாம் போக, ஊரில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும், அடையாள அட்டையில் பெயர் பிழையாக இருந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அரசாங்கத்தின் நடமாடும் சேவை எந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கும், எந்த மேசையில் எந்த உத்தியோகத்தர் இருப்பார், எந்தக் கடதாசித் துண்டு முதலில் வேண்டும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருநூறு பேருக்கு மேல் அப்படித் திருத்திக் கொடுத்திருப்பாள்.

தன்னுடையதை மட்டும் திருத்தவில்லை. அதுதான் கதை.

போன ஆவணியில் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிவிலுள்ள தொண்டர்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது, சேவைக்காலம், குடும்ப நிலை, எல்லாவற்றையும் அட்டவணையாக அனுப்பும்படி. பொறுப்பு உத்தியோகத்தர் சுபாஸ்கரனுக்கு இருபத்தொன்பது வயது, பட்டம் முடித்து நேரே நியமனம் பெற்று வந்தவர். நல்ல பிள்ளை. ஆனால் பிரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் வேலையைப் பிரியந்தினியிடம் கொடுத்துவிட்டார். அவளும் இரண்டு நாள் இருந்து கோடு போட்டு எழுதினாள். மொத்தம் இருபத்துமூன்று பேர். பெண்கள் இருபத்தொரு பேர். அவர்களில் பதின்மூன்று பேருக்குக் கணவன் இல்லை. செத்தவர்கள் பாதி, காணாமல் போனவர்களும் விட்டுவிட்டுப் போனவர்களும் மீதி.

சுபாஸ்கரன் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் மிஸ், ஆம்பிளையள் இந்த வேலைக்கு வருகினம் இல்லை?"

பக்கத்து மேசையில் இருந்த அற்புதராணி சிரித்துவிட்டாள். கொழும்புத்துறையில் பிறந்து கொடிகாமத்தில் கலியாணம் முடித்தவள், நாற்பத்தொரு வயது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"பத்தாயிரத்துக்கு எந்த ஆம்பிளை சேர் வருவான்? போக்கிடம் இல்லாத நாங்கள்தான் வருவம்."

அடுத்த கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. தொண்டர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். சம்பளம் இப்போதையதைப் போல ஐந்து மடங்கு, பென்சனும் உண்டு. புரட்டாதி மாத முடிவில் முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்களின் பெயர்களை இரண்டு கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒருத்தியைப் பதினான்கு வருடம் தொண்டராக வைத்திருந்தால் அவளுக்குப் பதினான்கு வயது ஏறும் என்பது, பாவம், கடிதம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். ஒன்பது பேரும் வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆகாதவர்கள்.

அட்டவணையில் பிரியந்தினிக்கு நேரே முப்பத்தாறு என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அவளுடைய உண்மையான வயது முப்பத்துநாலு.

அவள் பிறந்தது தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம். ஐந்து வயதில் குடும்பத்தோடு வன்னிக்குப் போனாள். தாய் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போக, தகப்பன் மார்க்கண்டுதான் வளர்த்தார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அவளுக்குப் பதினேழு வயது. வீட்டுக்கு ஒருவர் என்று சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்டு வந்த காலம். கலியாணம் முடித்த பெண்களை விட்டுவிடுவார்கள் என்ற ஒரு கதை ஊரில் அடிபட்டது. பதினெட்டு ஆகாமல் கலியாணத்தைப் பதிய முடியாது. மார்க்கண்டர் யாரையோ பிடித்து, பிள்ளை எண்பத்தொன்பதில் பிறந்தவள் என்று சத்தியம் செய்து ஒரு வயதுச் சான்றிதழ் எடுத்தார். வயலில் பாடுபட்டு, வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத கமக்காரன் அவர். பக்கத்துக் கொட்டிலில் இருந்த பெடியனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்து, பதிவுத் துண்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெயர் எழுதும் கொப்பியோடு வந்தவர்களிடம் இரண்டு தடவை அதை நீட்டினார். இரண்டு தடவையும் அவர்கள் திரும்பிப் போனார்கள். பின்னேரம் அதே ஒழுங்கையால் வேறு வீட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டு போனார்கள். பிரியந்தினி உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த இரண்டு வயதுதான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த வருடம் மகள் நிவேதனா பிறந்து நாலு மாதத்தில் கணவன் செல் விழுந்து செத்தான். சண்டை முடிந்து போன முகாமில் அடையாள அட்டை எழுதினார்கள். கையில் இருந்த துண்டில் எண்பத்தொன்பது, அதையே எழுதினார்கள். ஊருக்கு வந்து பார்த்தால் பிறப்புப் பதிவுப் புத்தகம் எப்போதோ சண்டையில் எரிந்துபோயிருந்தது. சாதகக் குறிப்பு பையோடு வன்னியில் விடுபட்டது.

திருத்தியிருக்கலாம். வழி அவளுக்குத் தெரியாததில்லை. "ரெண்டு வயசு கூட இருந்தால் என்ன, செத்தே போனன்?" என்று தள்ளிப் போட்டாள். பதினேழு வயதில் கலியாணம் முடித்தது கடதாசியில் ஏறினால் மகளுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமோ என்ற பயமும் இருந்தது. ஊர்ச் சனத்தின் வில்லங்கத்தையெல்லாம் தீர்க்கிறவர்கள் தங்கள் வீட்டு வில்லங்கத்தைக் கடைசிக்கு வைப்பார்கள். கதை சொல்கிற எனக்கு அதில் கோபம்தான், ஆனால் அவளைக் கோபித்து என்ன செய்வது?

அன்றைக்கு அற்புதராணி அவளைச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு நாப்பத்தொண்டு. நான் ஆசைப்பட்டுப் பிரயோசனம் இல்லை. உனக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்திலை நிக்குதடி. உன்ரை அப்பாவைக் கொண்டு சத்தியக்கடதாசி முடிச்சு வயசை மாத்து."

"பயமாக் கிடக்கு ராணியக்கா. நிவேதனாவின்ரை பிறப்புத் துண்டும் மாத்தவேணுமெண்டு அலைக்கழிப்பாங்களோ தெரியாது."

"அவள் ஏ.எல். படிக்கப் போறாள், ரியூசனுக்கு ஆர் குடுக்கிறது? நீ படுத்தால் உன்னை ஆர் திருப்பிப் படுக்க வைக்கிறது? சும்மா விசர்க்கதை கதையாதை."

அந்தக் கடைசிக் கேள்விதான் பிரியந்தினியைக் குடைந்தது. எழுபத்திரண்டு வீடுகளில் அவள் அதைத்தானே தினமும் பார்த்தாள். சுபாஸ்கரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அடையாள அட்டையிலை உள்ளதைத்தான் அக்கா நான் போடலாம். ஆனால் அப்பாவின்ரை சத்தியக்கடதாசியைக் கொண்டு வாங்கோ. 'திருத்தம் நடக்குது' எண்டு குறிப்பெழுதி உங்கடை பேரையும் அனுப்புறன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டியலை வச்சிருப்பன்."

முதல் தடவையாக மிஸ் என்னாமல் அக்கா என்றார்.

இனி எல்லாம் மார்க்கண்டர் கையில். அவரோ இரண்டு வருடமாகப் படுக்கையில். பக்கவாதம் வலது பக்கத்தைக் கொண்டுபோனது, அதற்குப் பிறகு ஞாபகமும் குழம்பத் தொடங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு ஆள் வன்னிக்குப் போய்விடுவார். பதுங்குகுழிக்கு மண் வெட்டச் சொல்லுவார், செத்த மனைவியைக் கூப்பிடுவார். காலையில் மட்டும் தெளிவு. அதனால் சத்தியக்கடதாசி எழுதும் சமாதான நீதவானை வியாழக்கிழமை காலையிலேயே வீட்டுக்கு வரச்சொல்லி ஒழுங்கு செய்தாள். ஊரில் ஜேபி ஐயா என்பார்கள், இளைப்பாறிய வாத்தியார்.

அன்று விடிய மார்க்கண்டருக்கு நல்ல தெளிவு. தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட நிவேதனாவின் பின்னலைப் பார்த்து, "கோணலாக் கிடக்கு, கொம்மாவைக் கொண்டு கட்டு" என்றார். பிரியந்தினி கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"அப்பா, நான் எந்த ஆண்டு பிறந்தனான்?"

"தொண்ணூத்தொண்டு தை. பொங்கல் கழிஞ்சு மூண்டாம் நாள். கொம்மா பொங்கல் பானையையும் கழுவேல்லை, அதுக்குள்ளை நீ வந்திட்டாய்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் சரிவரும் என்று அப்போதுதான் நம்பினாள். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் எழும்பி ஓடிப்போய்ப் படலையைத் திறந்தாள்.

பிரியந்தினியின் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, வீடு வீடாகப் போய் அவளாகக் கண்டுபிடித்தது. எந்த வீட்டிலும் போன உடனே கொப்பியைத் திறக்கமாட்டாள். முதலில் இருப்பாள், தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பாள், மாடு கன்று போட்டதா, மரவள்ளி கிண்டியாச்சா என்று கதைப்பாள். பேனையை எடுக்க அரை மணித்தியாலமாவது போகும். அந்த ஊர்களில் கொப்பியோடு வந்து பிள்ளைகளின் வயதைக் கேட்டவர்களை யாரும் மறக்கவில்லை. எழுபத்திரண்டு வீட்டிலும் தவறாத அந்த முறை தன் சொந்த வீட்டில் அவளுக்கு மறந்துபோனது. நேரம் போய்விடுமோ என்ற அவசரம். ஜேபி ஐயாவிடம் ஒரு சொல் சொல்லி வைக்கவில்லை.

அவர் பாவம், தன் கடமைக்கு நேரே வந்து கட்டிலடியில் கதிரையைப் போட்டார். பையிலிருந்து பெரிய கொப்பியை எடுத்து மடியில் விரித்தார். பேனையைத் திறந்தார்.

"ஐயா, உங்கடை மகள் பிரியந்தினிக்கு எத்தினை வயசு?"

மார்க்கண்டர் கொப்பியைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். பிரியந்தினி கதவடியிலிருந்தே அவருடைய முகம் மாறுவதைக் கண்டாள். ஓடிவந்ததும் அவர் வாதம் தொடாத இடது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எண்பத்தொன்பது," என்றார். குரல் நடுங்கவில்லை. "எண்பத்தொன்பதாம் ஆண்டு தை மாசம். பத்தொன்பது வயசு."

"அப்பா, இவர் ஜேபி ஐயா. எங்கடை ஊர் வாத்தியார்..."

"நீ பேசாமல் இரு. தம்பி, இவளுக்குக் கலியாணம் முடிஞ்சுது. பதிஞ்சாச்சு. வயித்திலை பிள்ளை கிடக்கு. துண்டு இருக்கு, காட்டட்டோ?" இல்லாத சட்டைப் பையை அவருடைய கண் தேடியது, கையை எடுக்க மனமில்லை, எடுத்தால் அவளை விட வேண்டும். "எத்தினை தரம் வந்து கேட்டாலும் எண்பத்தொன்பதுதான். கோயில்லை வந்து கற்பூரம் கொளுத்தியும் சொல்லுவன்."

ஜேபி ஐயா இன்னும் ஒரு தடவை மெல்லக் கேட்டுப் பார்த்தார். அதே பதில். மூன்றாவது தடவை கேட்க அவருக்கே மனம் வரவில்லை.

"பிள்ளை, அந்த மனிசன் சத்தியம் பண்ணி இதைச் சொல்லேக்கை நான் என்னெண்டு வேறை எழுதுறது?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னாலை ஒரு நாள் வாறன், ஆறுதலாக் கேட்டுப் பாப்பம்."

பின்னாலை ஒரு நாளுக்குப் பட்டியல் காத்திருக்காது. அது அவருக்கும் தெரியும். பிரியந்தினி அவரை வழியனுப்பக் கூடப் போகவில்லை, போக முடியவில்லை. தகப்பனுடைய பிடி அப்படி. இத்தனை நாள் ஒரு கோப்பையைத் தூக்கப் பலமில்லாத கை அது.

மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடிவில் தேயும்வரை அவர் மூச்சுவிடவில்லை.

"போயிட்டாங்களோ?"

"ஓம் அப்பா. போயிட்டாங்கள்."

"திரும்பி வருவாங்களோ?"

"இல்லை. இனி வரமாட்டாங்கள்."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபம் வரப் பார்த்தாள், வரவில்லை. அவருடைய முகம் அப்படித் தெளிந்திருந்தது. சாகிற வயதில், படுத்த படுக்கையில், தன் பிள்ளையைத் திரும்பவும் ஒரு தடவை காப்பாற்றிவிட்ட மனிசனின் முகம்.

"பாத்தியே," என்றார், "உன்னை விட்டனானே?"

"இல்லை அப்பா," என்றாள் பிரியந்தினி. "நீங்கள் விடேல்லை."