அடிவரிசைச் செங்கல்

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அவளுக்கு உடும்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். புருஷன், பிள்ளைகள், நாத்தனார் எல்லோரும் ஒண்டுக்குடித்தன அறையில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்தவர்கள். பாழடைந்து கிடந்த கிடங்கு மனையில் ஏழைகளுக்கு வீடு கட்டப்போகிறோம், பழைய கிடங்கை இடிக்கிற வேலையை வீடு வாங்குகிறவர்களே செய்தால் விலை குறையும் என்று வீட்டுவசதிச் சங்கத்தார் சொன்னபோது, முதல் ஆளாகச் சுத்தியலோடு போய் நின்றாள்.

முழுசாக எடுத்த செங்கல் அவரவர் வீட்டுக்கே. சுவரின் மேல்பாதி பிற்பாடு சிமெண்டு வைத்துக் கட்டியது. தட்டினால் கல் நொறுங்கும். அடிவரிசையோ வெறும் மண் கலவை. ஆடுகிற பல்போல முழுசு முழுசாகக் கையோடு வந்தது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரைத் தொட்டால் வீடு கிடையாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆசை யாரை விட்டது? அதன் அடியிலும் நாலு கல் உருவினாள். நாலு, நாற்பதானது.

அன்று மதியம் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. நிமிர்ந்தாள். சுவர் அந்தப் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. அந்தப் பக்கம் தையல்காரரின் பின்னறை.

"அண்ணி, வாயைத் தொறக்காதீங்க. கல்லைத் திரும்பச் சொருகிடலாம். தெரிஞ்சா வீடு போச்சு!" கூட வேலை செய்த நாத்தனார் ஒரு கல்லைக் கையில் எடுத்துவிட்டாள்.

"உள்ள மனுஷன் இருக்கான்டி."

"நம்மள இங்க வரவிடக்கூடாதுன்னு தெருவெல்லாம் கையெழுத்து வாங்கினவன் அவன்!"

"வாங்கட்டும். அதுக்காகச் சாகணுமா?"

ஓடிப்போய்ப் பின்னறை வாசலில் நின்று, சுவர் விழப்போகுது, வெளியே வாங்க என்று கத்தினாள். தையல்காரர் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னைக் கிளப்பிட்டு இதையும் இடிச்சுக்கலாம்னு பாக்குறியா? யாருகிட்ட கதை விடுற?"

"ஐயா, சத்தியமா விழப்போகுது. அடிக்கல்லை உருவினதே நான்தான்."

"போ போ, வேலையைப் பாரு."

அவளுக்கு வந்ததே கோபம். விருட்டென்று உள்ளே போய், சுவரோரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எந்திரிச்சாதான் நானும் எந்திரிப்பேன். ரெண்டு பொணமா கிடக்கட்டும்."

அவள் தலையில் சுண்ணாம்பு கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. தையல்காரர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவர் கண்முன்னே விரிசல் ஓடியது.

"எந்திரி தாயே, எந்திரி!"

இருவரும் மிஷினை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவும், சுவர் கூரையோடு உட்காரவும் சரியாக இருந்தது.

புழுதி அடங்குமுன் மேஸ்திரி வந்து நின்றார். "அடிக்கல்லை உருவினது யாரு?"

நாத்தனார் அவள் புடவையைப் பின்னால் இழுத்தாள்.

"நான்தான்."

மேஸ்திரி வாயில் வந்தபடி திட்டினார். முதலில் தையல்காரர் சுவரைக் கட்டு, உன் வீட்டைப் பற்றிச் சங்கத்தில் முடிவு செய்யட்டும் என்று போய்விட்டார். தினமும் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் சாந்து பூசும் கரணையோடு வந்தாள். தையல்காரர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கோணலா இருக்கு. பிரிச்சுக் கட்டு."

"உங்க கண்ணுதான் கோணல்." சொன்னாளே தவிர, பிரித்துத்தான் கட்டினாள்.

சங்கம் கூடியது. அவள் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். உனக்கு அடுத்துக் கட்டப்போகும் மனையில் பார்க்கலாம் என்றார்கள். அந்த மனை எங்கே என்று கேட்டு, அன்றைக்கே நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆள் உயரத்துக்கு முள் மண்டிக் கிடந்தது. நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழுததெல்லாம் போதும். பக்கத்து வீட்டுல அரிவாள் கிடைக்குமான்னு கேட்டு வா."