பசறைக்கு மேலே ஊமையாகும் வேன்

முதலில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வேன் ஓட்டுகிற தங்கராசு அண்ணனை, இல்லாத கோளாறைச் சொல்லிக்கொண்டு வருகிற பொய்க்காரர் என்று முத்திரை குத்தி அனுப்பியது எங்கள் கடை. "எங்கள்" என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. நான் அப்போதே எதிர்த்தேன், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டுகிற இந்தக் கார் ஓடியோ தொழிலைப் பற்றி ஒரு வரியில் சொல்வதென்றால், கோளாறு ரோட்டில்தான் குடியிருக்கும்; கடை வாசலைக் கண்டதும் இறங்கிப் போய்விடும். நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் கை வைத்த நேரம் பார்த்து உடம்பு குளிர்ந்துபோய் அசடு வழிந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பஸில் இலத்திரனியல் படிக்கிறவள். வேலைநிறுத்தத்தால் கம்பஸ் மூடிக் கிடந்த மாதங்களில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி தலைமுறை தலைமுறையாகப் பதுளையில் வியாபாரம் செய்யும் குடும்பத்துக்காரர். வயர் இழுப்பதும் ஸ்பீக்கர் பூட்டுவதும் ரவி அண்ணன். மீட்டர் பிடித்து அளப்பது நான். வாயாடுவதும் நான்தான் என்று அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

கடையில் பாடியது

தங்கராசு அண்ணன் முதல் தடவை வந்தபோது, "அம்ப் கட்டாகுது தங்கச்சி, ஏறி வர்றப்ப சட்டுன்னு ஊமையாயிருது" என்றார். அம்ப் என்றால் அம்ப்ளிபயர். பாட்டுக்குச் சத்தம் கூட்டிக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அவருடைய வேனில் அது கடைசி சீட்டுக்கு அடியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். மலைப்பாதையில் ஓடுகிற வேனில் ஒரு தூசு இல்லை, ஈரம் இல்லை, துருவும் இல்லை. எவ்வளவு கவனமான மனிதர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பட்டரியை அளந்தேன், சரி. வேனின் பொடியில், அதாவது இரும்புக் கூட்டில், பூட்டியிருந்த எர்த் வயரை ஆட்டிப் பார்த்தேன், சரி. ஸ்பீக்கர் வயர் எங்காவது நசுங்கி இரும்பில் தொடுகிறதா என்று ரவி அண்ணன் படுத்துக்கொண்டே தடவிப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு எஞ்சினைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, பாட்டைப் போட்டோம். பக்கத்து மருந்துக் கடைக்காரர் வந்து சண்டை பிடிக்கும்வரை பாடியது. நிற்கவேயில்லை. தங்கராசு அண்ணன் அம்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார், சொந்தப் பிள்ளை சபையில் தன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி. முதலாளி மேசையிலிருந்து எழும்பாமலே சொன்னார்: "அம்ப் நல்லாத்தான் இருக்கு தங்கராசு, நீ ஒருக்கா காதைக் கொண்டுபோய்க் காட்டு."

பொட்டு வைத்த எர்த்

அதே வாரம் அப்புத்தளையிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய வேனிலும் அம்ப் நின்று நின்று போகிறது. ஆனால் அவர் அதிர்ஷ்டக்காரர், கடையிலும் நின்றது. எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தால், வயரின் வளையத்துக்கும் வேனின் இரும்புக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பாறையாகிக் கிடக்கிறது. ஆயுத பூசைக்கு வேனைக் கழுவி, எல்லா போல்ட்டையும் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பி, பிறகு பூட்டியிருக்கிறார். மின்சாரம் சந்தனத்துக்குள் புகுந்து போகுமா? நான் சுரண்டத் தொடங்கியதும் மனிதர் பதறிப்போனார்.

ஒரு சாமானை வெறுத்துக் கெடுப்பவரை நான் இந்தக் கடையில் கண்டதில்லை. பாசம் வைத்துத்தான் கெடுக்கிறார்கள். இதை அவரிடம் எவ்வளவோ மரியாதையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, கலங்கிய முகத்தோடு அவர் சொன்னது: "சாமிக்கு வச்ச பொட்டைச் சொரண்டிட்டீங்களே தங்கச்சி, இனி பெரகல வளைவுல வேனை யாரு பாத்துக்குவா?"

பாட்டுக்கு நிற்காது

தங்கராசு அண்ணன் மறுபடி வந்தார். மறுபடியும் அம்ப் கடையில் நன்றாகப் பாடியது. இந்த முறை நான் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, எந்த இடத்தில், என்ன ஓடும்போது நிற்கிறது என்று அவரையே கேட்டேன். அவர் ரவி அண்ணனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பதுளையிலிருந்து பசறை வரைக்கும் பாட்டுப் போடுவாராம். அதுவரை ஒன்றும் ஆகாது. பசறைக்கு மேலே ஏற ஏற ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிவிடுவார்கள். வேன் காலியானதும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அவருடைய மனைவி புஷ்பம் போனில் பேசி அனுப்பியதைப் போடுவாராம். அப்போதுதான் நிற்குமாம். "போனை காதுல வச்சுக் கேட்டா ஈ கத்துற மாதிரி இருக்கு. அம்ப்ல கேட்டாத்தான் பக்கத்து சீட்டுல இருக்கிற மாதிரி" என்றார்.

ரவி அண்ணனுக்கு இது போதாதா? "அக்கா பேச ஆரம்பிச்சா அம்ப்பே பயந்து வாயை மூடிக்குது போல" என்றார். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு மனிதர் தன் கோளாறைச் சொல்ல வந்தால் அவருடைய குடும்பத்தை வைத்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம் என்று நான் கத்தினேன். தங்கராசு அண்ணன்தான் என்னைக் கையமர்த்தினார். "விடுங்க தங்கச்சி, சிரிக்கட்டும். புள்ளைங்களைப் பத்திக் கேக்கிற வரைக்கும் இருக்கா. என்னையப் பத்திக் கேக்கிற எடத்துலதான் போயிடுறா."

முதலாளியோடு தர்க்கம்

அன்று பின்னேரம் முதலாளியிடம் நேராகவே கேட்டேன். நோயாளி தலைவலி என்றால், எனக்கு உங்கள் தலைவலி தெரியவில்லையே என்று டொக்டர் சொல்வாரா? நம்மிடம் நிற்கவில்லை என்பதற்காக அவரிடமும் நிற்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்? ஒன்று, கோளாறு இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். இல்லையென்றால், எங்களுக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பொய்க்காரர் ஆக்குவது மூன்றாவது வழி, அது கேவலமான வழி.

முதலாளி கணக்குப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னோடு வாதாடுவதைவிட கடையை மூடிவிட்டுப் போவது லேசு என்று அவர் முன்பொரு நாள் சொன்னவர். எனக்கும் வீடு பசறைப் பக்கம்தான். தங்கராசு அண்ணனின் வேனிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "போ புள்ள, போய்ப் பாரு. அம்ப் நிக்கலைன்னா நீ அங்கேயே நின்னுக்க."

கடைசி சீட்டில் பயணம்

மறுநாள் வேனில் மீட்டரும் கையுமாகக் கடைசி சீட்டில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், சந்தைப் பையோடு நாலைந்து பெண்கள். "இந்தப் புள்ள மெசினை வச்சுக்கிட்டு யாருக்குக் காய்ச்சல் பாக்குது?" என்று ஓர் அக்கா கேட்க, "தங்கராசுக்குத்தான்" என்று இன்னொருவர் சொல்ல, வேனே சிரித்தது. பாட்டு ஓடியது. பசறை தாண்டி, வளைவுகளில் பனி இறங்கி, ஆட்கள் இறங்கி, கடைசியில் நாங்கள் இருவர்தான். தங்கராசு அண்ணன் தயங்கித் தயங்கிப் போனைத் தட்டினார். ஒரு பெண் குரல் வேன் முழுக்க நிறைந்தது. "என்னங்க, சின்னவனுக்கு சளி விட்டுச்சா? பெரியவ இஸ்கூலுக்குப் போறாளா? அப்புறம் நீங்க..." அவ்வளவுதான். ஊமை.

சீட்டுக்கு அடியில் கை விட்டேன். இரும்புப் பெட்டி இல்லை, கம்பளி! கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்கிற கறுத்தக் கம்பளி. பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போல நாலு பக்கமும் மடித்துச் செருகி அம்ப்பைச் சுற்றியிருந்தது. உள்ளே கையை வைத்தால் ரொட்டிக் கல். சூடு மிஞ்சினால் அம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பதுளையிலிருந்து பாடிப் பாடிச் சேர்ந்த சூடு, சரியாகப் புஷ்பம் அக்காவின் முறை வரும்போது எல்லையைத் தொட்டிருக்கிறது. கடையில் ஏன் நிற்கவில்லை? எங்கள் கிறீஸ் கை பட்டுவிடக் கூடாதென்று, கடைக்கு வரும்போதெல்லாம் கம்பளியைக் கழற்றி மடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் டீவிக்குப் பூப்போட்ட உறை, ரேடியோவுக்கு உறை, ஓடாத மணிக்கூட்டுக்கும் உறை. வாங்கிய சாமானை அம்மணமாக விடுவது எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும், இதை ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடி வழியாகப் பனியைக் காட்டினார். "காலையில இப்படித்தான் எறங்குது. எனக்கே நடுங்குது தங்கச்சி, அதுக்கு நடுங்காதா?"

எந்தத் துணியும் ஆகாது

வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, விரிவுரையே நடத்தினேன். அம்ப்பின் முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருப்பது அழகுக்காக இல்லை, சூடு வெளியே போவதற்கு. அதற்குக் காற்றுத்தான் சாப்பாடு, குளிர்தான் மருந்து என்றேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். சரி, மெல்லிசான துணியாகப் போர்த்துகிறேன் என்றார். கூடாது என்றேன். பாதியை மட்டும் மூடுகிறேன் என்றார். அதுவும் கூடாது என்றேன். இவ்வளவு பேரம் பேசுகிறவருக்கு அம்ப்பின் நடுக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. கம்பளி என் மடியில் கிடந்தது. அடுப்புப் புகையும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசம். எங்கள் அம்மாவின் வாசமும் அதுதான். ஹொஸ்டலில் முதல் தவணை முழுக்க நான் தலையணையில் தேடிய வாசம்.

இதற்குள் அம்ப் ஆறியிருந்தது. தங்கராசு அண்ணன் விட்ட இடத்திலிருந்து போட்டார். "அப்புறம் நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? வெறும் பிளேன்டிய குடிச்சுட்டு வண்டி எடுக்காதீங்க, சொல்லிட்டேன்..." நான் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி, தேயிலைப் பக்கம் திரும்பி நின்றேன். குரல் கடைசிவரை ஓடி முடிந்தது. அவர் இறங்கி வந்து, என் கையிலிருந்த கம்பளியை வாங்கிக்கொண்டார். "அவ போறப்ப மடிச்சு வச்சிட்டுப் போனது. லயத்துல வச்சா பூச்சி அரிக்குது. முன் சீட்டுல போட்டா ஆளுங்க மேல ஏறி உக்காந்துக்கிறாங்க. நான் எங்கதான் வைக்கிறது, சொல்லுங்க தங்கச்சி?"

கடைசியில் வந்த பதில்

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று பெயர் வாங்கிய நான், அந்தக் கேள்வியை மட்டும் குவைத்துக்குத் திருப்பிவிட்டேன். அக்காவையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடையில் மட்டும் விடவில்லை. தங்கராசு அண்ணன் சொன்னதெல்லாம் உண்மை, மன்னிப்புக் கேட்க வேண்டியது நாம் என்று முதலாளியின் மேசை முன்னால் நின்றேன். "கம்பளியப் போத்தினது அவன், மன்னிப்பு நானா?" என்று கொஞ்ச நேரம் முறைத்தார். ஆனால் அடுத்த தடவை வேன் வந்து நின்றதும், மேசையை விட்டு எழும்பியே பார்த்திராத மனிதர் வாசல்வரை போனார். "வா தங்கராசு, வந்து உக்காரு. பிளேன்டி குடிச்சிட்டுப் போ. நீ சொன்னது சரிதான்." பதுளையில் மன்னிப்பு இந்த அளவுக்குத்தான் வரும், நான் வாங்கிக்கொண்டேன்.

தங்கராசு அண்ணன் உட்காரவில்லை. புஷ்பம் பதில் பேசி அனுப்பியிருக்கிறாள், தங்கச்சியும் கேட்கட்டும் என்றார். வேன் கதவு திறந்திருந்தது. சீட்டுக்கு அடியில் அம்ப் போர்வை இல்லாமல் இருந்தது. கம்பளி அவருடைய தோளில் கிடந்தது. பதுளையிலுள்ள அத்தனை அம்ப்களையும் திருத்திவிடலாம், இங்கே ஒருவர், குவைத்தில் ஒருவர், இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி என்றால் அதற்கு நான் படிக்கிற பாடத்தில் வழி இல்லை. ரவி அண்ணன்கூட ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தார். குரல் கடை முழுக்க வந்தது, நடுவில் நிற்காமல்:

"ஏங்க, ரேடியோ பொட்டிக்கு எதுக்குங்க கம்பளி, அது என்ன கொழுந்தா எடுக்கப் போகுது? இங்க ராவும் பகலும் ஏசியப் போட்டே வச்சிருக்காங்க, ஒரே குளிரு. ஆனா இது நம்ம குளிரு இல்லைங்க. மேல் லயத்து சரசு லீவு முடிஞ்சு இங்க திரும்பி வருதாம், அது கையில அந்தக் கம்பளிய எனக்குக் குடுத்து விடுங்க. தொவைச்சுடாதீங்க."